பேஸ் கிதாரும் ஃபஸ் பெடலும்

கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு மின்கருவி ஃபஸ் பெடல். இதன் பிறப்பு ஒரு பழுதில்தான். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்சின் ‘டோன்ட் வொரி’ பாடல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிதாரின் ஒலி, ஒலிக்கலவை மேசையின் கோளாறால் சிதைந்தது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர். தம்புராவில் நூல் செருகி ரீங்காரத்தை வரவழைக்கும் நம்மவர்க்கு இது வியப்பாக இராது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்நாடி அவ்வொலியை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மீண்டும் உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்றது; வாங்குவோர் குறைவு. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகே கடைகளில் இருப்புத் தீர்ந்தது. பிற்காலத்துப் பெடல்கள் சிலவற்றில், வெளிவரும் சமிக்ஞையின் ஒரு பங்கு மீண்டும் உள்ளே செல்வதால், தந்தியைத் தொடாதபோதும் ஊளையொலி எழும். குமிழைத் திருகி அதன் சுருதியை ஏற்றி இறக்கலாம்.