கூப்பன், முத்திரை, காசு: வாவிக்கரைக்கு உதவி வந்த பாதை

"காசாக் குடுத்தா குடிச்சே முடிச்சிருவாங்கள். சாமானாக் குடுங்க."

அஸ்வெசும பற்றிப் பேச்சு வந்தாலே மட்டக்களப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். தேத்தண்ணிக் கடையிலும் கேட்கலாம், கந்தோரிலும் கேட்கலாம். நாங்களும் சின்ன வயதில் இதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான். உண்மையில் இந்தச் சண்டை புதுசு இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு எதைக் கொடுப்பது, அதை எப்படிச் செலவழிப்பது என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இந்த நாட்டில் 80 வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வந்தது அரிசி. 1942இல், இரண்டாம் உலகப் போர் நேரம், பங்கீட்டு முறை தொடங்கியது. எங்கட ஊர் மூத்தவர்கள் 'கூப்பன்' என்று சொல்வது அதைத்தான். மானிய அரிசி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1953 காட்டியது. அப்போது நிதி அமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, 25 சதத்துக்குக் கிடைத்த ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

அதே ஜயவர்தன ஜனாதிபதியான பிறகு, 1979 செப்டம்பரில் அரிசிக் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டிலிருந்து 12 வரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 15 ரூபா. மண்ணெண்ணெய்க்குத் தனி முத்திரை. அரிசியில் இருந்து பணப் பெறுமதிக்கு அரசு மாறியது இங்கேதான். ஆனால் விலைவாசி ஏறியபோது முத்திரையில் அச்சடித்த தொகை ஏறவில்லை. சில வருடங்களிலேயே அதன் பெறுமதி பாதியாகிப் போனது. கூப்பன் காலத்தில் இரண்டு கொத்து என்றால் விலை ஏறினாலும் இரண்டு கொத்துத்தான். 15 ரூபா என்பது ஒவ்வொரு வருடமும் சுருங்கும் 15 ரூபா. இந்தப் பாடத்தை மறக்காமல் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

1989இல் பிரேமதாச ஜனசவியவைக் கொண்டுவந்தார். தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, 24 மாதம். அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது. ஆனால் எங்கட பக்கத்தில் கதை வேறு. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் பெரும்பகுதி, 1990களின் நடுவிலிருந்து 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கிழக்கே எழுவான்கரையில் இராணுவம். நடுவில் வாவி, கடக்கும் இடங்களில் சோதனைச் சாவடி. நாட்டின் மற்றப் பக்கங்களில் ஓடிய திட்டங்கள் இங்கே பிந்தித்தான் வந்தன, அதுவும் முழுசாக வரவில்லை. கையில் காசு இருந்தாலும் சாமான் பாலம் தாண்டி வந்தால்தானே வாங்கலாம்? காசு வேலை செய்ய ஒரு கடை வேண்டும், அந்தக் கடைக்கு ஒரு பாதை வேண்டும். மண்முனையில் பாதைப் படகுக்குப் பதிலாகப் பாலம் திறந்தது 2014இல்தான்.

2004 டிசம்பர் 26. நாவலடி, கல்லடி, வாகரை என்று கரை முழுக்கச் சுனாமி அடித்தது. அதன் பிறகுதான் நேரடிக் காசு பெரிய அளவில் இந்தக் கரைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. ஆளுக்கு வாரம் 375 ரூபா நிவாரணம், அதில் 200 காசு, 175க்கு உணவுப் பொருள். வீடு முழுதாக உடைந்தவர்களுக்கு 2,50,000 ரூபா கட்டம் கட்டமாக.

அப்போதுதான் உலக உணவுத் திட்டம் ஒரு பரீட்சார்த்தம் செய்தது. தெற்கிலும் கிழக்கிலும் சில குடும்பங்களுக்கு அரிசி, மா, பருப்புக்குப் பதிலாகக் காசைக் கொடுத்து, சாமான் பெற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். காசு பெற்றவர்கள் என்ன வாங்கினார்கள்? அரிசியும் மாவும் கொஞ்சம் குறைந்தது, பாலும் இறைச்சியும் கூடியது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. நிவாரணப் பையில் எப்பவும் மாவும் பருப்பும்தான் இருக்கும். பிள்ளைக்குப் பால்மா வேண்டுமா, இருமல் மருந்து வேண்டுமா, பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டுமா என்பது பை கட்டுகிறவருக்குத் தெரியாது, வீட்டுக்காரிக்குத் தெரியும்.

குடியைப் பற்றியும் பார்த்துவிடுவோம். 2014இல் டேவிட் எவன்ஸ், ஆனா பொபோவா என்ற இரண்டு உலக வங்கி ஆய்வாளர்கள், பல நாடுகளில் காசு உதவி பற்றி நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காசு கிடைத்ததால் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. எங்கட ஊர்களில் குடி ஒரு பிரச்சினை இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. அது பிரச்சினைதான். ஆனால் குடிக்கிறவன் கூலிக்காசிலும் குடிப்பான், நிவாரண மாவை விற்றும் குடிப்பான்.

காசு யாருடைய பெயரில் வருகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. மட்டக்களப்பில் தமிழருக்கும் சரி முஸ்லிம்களுக்கும் சரி, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். சுனாமிக்குப் பிறகு அரசுப் படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. பெரும்பாலும் அந்த இடத்தில் ஆணின் பெயர் விழுந்தது. அம்மா வழியில் வந்த வளவு, புதிய வீட்டுத் திட்டத்தில் கணவர் பெயருக்கு மாறும் நிலை வந்தது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. உதவி வந்தது, கூடவே ஒரு பழைய உரிமை கைநழுவப் பார்த்தது.

இனி படுவான்கரையில் ஒரு கூலிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியில் விதைப்பு, மாசி பங்குனியில் வெட்டு. நடுவில் மாரிமழை, வெள்ளம், கூலி கிடைக்காத நாட்கள். வாவியில் தோணி இறக்கவும் முடியாது. முன்பெல்லாம் அந்த இடைவெளியை நிரப்பியது போடியார் வீட்டு முன்பணம் அல்லது கடைக் கொப்பி. மாதாமாதம் ஒரு தொகை நிச்சயமாக வந்தால், நகையை அடகு வைக்காமல் தை மாதத்தைத் தாண்டலாம். வாவிக்கரைக் குடும்பத்துக்குக் காசு உதவி செய்யும் பெரிய மாற்றம் இதுதான்: அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரிந்திருப்பது.

ஆனால் யுத்தம் முடிந்த பிறகு அந்த இடைவெளிக்குள் நுண்கடன் புகுந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, தவணை கட்ட முடியாமற்போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. வாசலில் கடன்காரர் நிற்கும்போது வரும் உதவிக்காசு, அடுப்படிக்குப் போகாமல் நேரே தவணைக்குத்தான் போகும்.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. 22 குறிகாட்டிகளை வைத்து நான்கு வகை: 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. காசு வங்கிக் கணக்குக்கு வரும். மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. 2025 ஜனவரியில் 8,500 என்பது 10,000 ஆகவும், 15,000 என்பது 17,500 ஆகவும் கூடியது.

இப்போது 1979இன் பாடத்துக்கு வருவோம். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அந்த விலையில் 8,500 ரூபாவுக்கு 37 கிலோ அரிசி கூட வராது. நாலு பேர் நாளுக்கு ஒன்றரைக் கிலோ சாப்பிட்டால், மாதத்துக்கு 45 கிலோ வேண்டும். 10,000 ரூபாவுக்கும் 43 கிலோதான். கறி, எண்ணெய், பஸ் காசு எல்லாம் இதற்கு வெளியே. தொகை கூடியது நல்லதுதான். ஆனால் விலைவாசியோடு சேர்ந்து அது தானாக ஏறும் ஏற்பாடு இல்லாவிட்டால், முத்திரைக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும்.

ஆகவே "சாமானாக் குடுங்க" என்று இனி யாராவது சொன்னால், நாங்கள் குடியைப் பற்றி வாதாடப் போவதில்லை. மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கப் போகிறோம். இந்தக் காசு யாருடைய பெயரில் வருகிறது? வரும் நாளில் வாசலில் யார் நிற்கிறார்கள்? அடுத்த வருடம் இதே காசுக்கு எத்தனை கிலோ அரிசி வரும்?