கால் போன யாத்திரைகள்

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடந்தபோது, நத்தம் தாண்டியதும் எனக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது. ரோட்டோரத்தில் சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் நல்ல வீக்கம். "தம்பி, சாமான் வண்டியில ஏறிக்கப்பா"ன்னு கூட வந்த பெரியவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஏறினால் வேண்டுதல் என்னாவது? இருட்டும்வரை நொண்டினேன். மறுநாள் காலை ஊன்றி நிற்கவே முடியல. கடைசியில் வண்டியில்தான் பழனி போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் குறை மனசுலயே கிடந்தது. வீட்டில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த நாட்களில் பெரியபுராணத்தை மறுபடி எடுத்தேன். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடியது. தேவார மூவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய நூல். அவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு இதை நேர்ச்சாட்சியாகக் கொள்ள முடியாது. ஆனால், யாத்திரையில் உடம்பு ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்று சோழர் காலச் சைவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி.

அதில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம்: மூவருக்குமே இந்தச் சோதனை வருகிறது.

முதலில் சம்பந்தர். சின்னப் பிள்ளை. பெண்ணாகடத்திலிருந்து திருவரத்துறைக்கு, அப்பாவின் தோளில் ஏறாமல் நடக்கிறார். பிஞ்சுப் பாதம் நோகிறது. வழியில் மாறன்பாடியில் தங்குகிறார். அன்றிரவு அரத்துறை ஊர்க்காரர்கள் கனவில் இறைவன் வந்து, முத்துச் சிவிகையை அந்தப் பிள்ளையிடம் சேர்க்கச் சொல்கிறார். கொடுத்தது சாமி, கொண்டுபோய்ச் சேர்த்தது ஊர் ஜனம்.

அடுத்து சுந்தரர். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் பார்வை போகிறது. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைப்பது கண் அல்ல, ஊன்றுகோல். அதை ஊன்றித்தான் மேலே நடக்கிறார். ஒரு கண் காஞ்சியில், மறு கண் திருவாரூரில்.

கடைசியாக அப்பர். கயிலைக்குப் போகிறார். பாதம் தேய்கிறது, கையால் தவழ்கிறார். கையும் தேய்கிறது, மார்பால் ஊர்கிறார். பிறகு புரள்கிறார். முனிவர் வேடத்தில் வந்த சிவன், "திரும்பிப் போ" என்கிறார். அப்பர் மறுக்கிறார்.

என் பிடிவாதத்துக்கு இதுவே ஆதாரம் என்று முதலில் தோன்றியது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே. அப்பர் கயிலை மலையை எட்டவே இல்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி அருள்வாக்கு வருகிறது. மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கயிலைக் காட்சி அங்கேதான். ஆடி அமாவாசையன்று இன்றும் ஐயாற்றில் அதைக் கொண்டாடுகிறார்கள். நடக்காமல் விட்ட தூரத்தை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

சிவிகை, கோல், குளம். மூவருக்கும் மூன்று உதவி. வந்த உதவியை ஏற்றதால் யாருடைய யாத்திரையும் குறைந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை.

அந்தப் பெரியவர் பெரியபுராணம் படித்திருப்பாரா, தெரியாது. ஆனால் அரத்துறைக்காரர்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார். அடுத்த தைக்கும் நடக்கணும்னு இருக்கேன். கால் மடங்கினால், இந்த முறை சொன்னவுடனே ஏறிக்கொள்வேன்.