ராம்ரீ தீவின் முதலைகள்

முதலையை நேரில் பார்க்கும் முன்பே நாம் எல்லோரும் கதைகளில் பார்த்துவிடுகிறோம். குரங்கின் இருதயத்தைத் தின்ன ஆசைப்பட்ட முதலை ஒன்று. பீட்டர் பான் கதையில் கடிகாரத்தை விழுங்கிவிட்டு, வயிற்றுக்குள் டிக் டிக் என்று ஒலிக்க, கேப்டன் ஹூக்கைத் துரத்தும் முதலை இன்னொன்று. இவை கதை என்று தெரிந்தே கேட்டவை, யாருக்கும் நஷ்டமில்லை. சரித்திரம் என்ற பெயரில் உலாவும் முதலைக் கதை ஒன்றும் உண்டு. நம் வாலிபர் பலர் அதைக் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள்: ஒரே இரவில் ஆயிரம் ஜப்பானியப் படைவீரர்களை முதலைகள் தின்றுவிட்டனவாம்.

இடம் பர்மாவின் அரக்கான் கரையோரத்திலுள்ள ராம்ரீ தீவு. விமானத் தளம் அமைப்பதற்காக, 1945 ஜனவரி 21 அன்று 26-ஆவது இந்தியப் படைப்பிரிவின் வீரர்கள் அங்கே கரையிறங்கினார்கள். தீவைக் காத்து நின்ற ஜப்பானியர் பின்வாங்கினார்கள். பிப்ரவரியில், பெருநிலத்துக்குத் தப்பிச் செல்ல, மைல்கணக்கில் விரிந்த சதுப்புக் காட்டுக்குள் நுழைந்தார்கள். உப்பாறுகளின் வாயில்களைப் பிரிட்டிஷ் கடற்படையின் படகுகள் அடைத்து நின்றன.

இதுவரை சரித்திரம். கதை 1962-இல் வந்தது. புரூஸ் ரைட் என்ற கனடா நாட்டு இயற்கை ஆய்வாளர் தம் புத்தகத்தில், சதுப்புக்குள் போன சுமார் 1,000 பேரில் 20 பேர் மட்டுமே உயிரோடு கிடைத்தார்கள் என்றும், ராத்திரி முழுவதும் முதலைகளின் வேட்டை நடந்தது என்றும் எழுதினார். கின்னஸ் புத்தகமும் அதை எடுத்துப் போட்டது. அதற்குப் பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

சிலர் கேட்டார்கள். சரித்திர ஆசிரியர் ஃபிராங்க் மெக்லின் கேட்டது எளிய கேள்விதான்: அத்தனை முதலைகள் அங்கே இருந்திருந்தால், அந்த இரவுக்கு முன்னும் பின்னும் அவை எதைத் தின்று உயிர்வாழ்ந்தன? உவர்நீர் முதலையின் குணத்தை அறிந்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். வளர்ந்த ஆண் முதலை தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. அது குளிர் இரத்தப் பிராணி. ஒரு பெரிய இரை கிடைத்தால் பல நாள் சும்மா கிடக்கும். ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் கூடி விருந்து நடத்துவது அதன் சுபாவமல்ல. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தீவுக்கே போய் முதியவர்களை விசாரித்து, 2001-இல் எழுதினார்கள். உப்பாற்றைக் கடக்கையில் முதலைகளிடம் சிக்கியவர்கள் பத்துப் பதினைந்து பேர் என்பதே அங்கே கிடைத்த பதில். பல நூறு பேர் தப்பியும் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் மற்றவர்கள் எப்படிச் செத்தார்கள்? தாதியரான எங்களுக்கு இந்த இடத்தில் முதலையே தேவைப்படவில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. தாகம் தாங்காமல் உப்புநீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற உடல் தன்னிடமுள்ள நீரையும் இழக்கும். வயிற்றுக்கடுப்பு வந்தால் அது இரட்டிப்பாகும். கொசு, மலேரியா, சேற்றில் கிழிந்து சீழ்பிடித்த கால், ஏறி வரும் அலை, படகிலிருந்து வரும் குண்டு. கடைசியில் பிணத்தை முதலை இழுத்துப்போனால், பார்த்தவன் கண்ணில் நின்றது முதலைதான். மரணச் சான்றிதழில் உடனடிக் காரணத்துக்கு ஒரு வரியும், அதற்கு அடிப்படையான காரணத்துக்கு அடுத்த வரியும் இருக்கும். ராம்ரீயில் எல்லா வரியிலும் யாரோ ‘முதலை’ என்று எழுதிவிட்டார்கள்.

எதிரியை மிருகம் தின்றது என்பதில் கேட்பவர்களுக்கு ஒரு திருப்தியும் இருந்திருக்கும். ‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்டவர்களுக்கு அது புரியும். அதே பர்மாப் போர்முனைக்குச் சாமான் அனுப்பத்தான் ஜப்பானியர் 1942, 43-இல் சயாம் ரயில் பாதையைப் போட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். அந்தக் காட்டிலும் கொடிய மிருகங்கள் உண்டு. ஆனாலும் ஆட்களை வாரிக்கொண்டு போனது காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி. வாந்தியும் பேதியும் சினிமாவுக்கு ஆகாது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த பிரபலமான படம் வெள்ளைக்காரக் கைதிகளின் கதை, நம்மவர் கதையல்ல.

அந்தக் கைதிகளுக்கு ஒன்று இருந்தது: அவர்களோடு சிறைப்பட்ட இராணுவ மருத்துவர்கள். கிடைத்த தகரத்தையும் குழாயையும் கொண்டு தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்புக் கலந்து, மூங்கிலைச் சீவி ஊசிபோலாக்கி, காலரா நோயாளியின் நரம்பில் ஏற்றினார்கள். இன்று நாங்கள் பையில் தொங்கவிடும் சலைன்தான் அது, பிழைத்தவர்கள் உண்டு. தமிழர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே இல்லை.