மைற்கல்லும் செய்மதியும்: ஊவாத் தோட்டங்களில் வழியறிதல்

வாகனமோட்டிக்கு வழிகாட்டத் தனியானதொரு கருவி வேண்டுமா, கையிலுள்ள தொலைபேசியே போதுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து விற்போரும் வாங்குவோரும் தீர்த்துக்கொள்ளவேண்டிய சிறு வினாவாகவே தோன்றும். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாதைகளை மனங்கொண்டு அதனை அணுகுவோமாயின், அது நிலப்படம் பற்றிய வினாவாக மாறிவிடுவதைக் காணலாம். படத்தை வரைந்தவர் யார், அதில் யாருடைய ஊர்ப்பெயர் ஏறிற்று, யாருடையது விடுபட்டது என்பவற்றை ஆராயாது இதற்கு விடை காண்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையூடாக மாத்தளை வரை நடந்து மலையேறிய தொழிலாளரிடம் படமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. வழியறிந்தவர் கங்காணி. அவரது அதிகாரத்துக்குக் கடனும் சாதியும் அடிப்படையாயிருந்தமை பலரும் எழுதியதே. வந்த வழியையும் போகும் இடத்தையும் அவர் மட்டுமே அறிந்திருந்தமையும் அவ்வதிகாரத்தின் ஒரு கூறு என்பது என் கருத்து. 1901ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த தகரத் துண்டு முறை இந்நிலையை வேறொரு வடிவில் உறுதிப்படுத்திற்று. தொழிலாளியிடம் கொடுக்கப்பட்ட சிறு உலோகத் தகட்டில் மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைப் பார்த்து அதிகாரிகள் அவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பினர். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறிற்று. சேருமிடம் செல்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய தேவையே எழவில்லை. பொதியின்மீது ஒட்டிய முகவரிக்கும் அத்தகட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

பாதைகளின் வரலாற்றை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து பாதைகள் பல அமைத்த மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். (யானைகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தியவர் என்பதே அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை, பாதைகளை எவரும் நினைப்பதில்லை.) 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது பாதையோரத்து மைற்கல். மலையகத் தமிழர் அதனைக் ‘கட்டை’ என்றனர். ஏழாங்கட்டை, ஒன்பதாங்கட்டை என எண்ணே ஊர்ப்பெயராயிற்று. நாடு கிலோமீற்றருக்கு மாறிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் இவ்வழக்கு மாறவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து புறப்பட்ட பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்த இடத்தை, பசறை பதின்மூன்றாங்கட்டை என்றே மக்கள் அறிவர்.

1800இல் தொடங்கப்பெற்ற நில அளவைத் திணைக்களம் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவில் நாடு முழுவதற்கும் படம் வரைந்தது. மிகச் சிறந்த பணி, அதில் ஐயமில்லை. ஆயின் அப்படங்களில் தோட்டமானது ஒரு சொத்தாகவே தோற்றம் தருகின்றது. தோட்டத்தின் பதிவுப்பெயர் உண்டு, தொழிற்சாலை உண்டு, துரையின் பங்களாவுக்குச் செல்லும் பாதை உண்டு. லயங்களில் வாழ்ந்தோர் தம்முள் வழங்கிய தமிழ்ப் பெயர்களும், கோயிலடி, மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்னும் குறிப்புகளும் பெரும்பாலும் வாய்வழக்கிலேயே நின்றுவிட்டன.

இனிச் செய்மதிக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973இல் தொடங்கிய ஜீபீஎஸ் திட்டத்தின் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1983இல் கொரிய விமானமொன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டதன்பின், அம்முறை பொதுமக்களுக்கும் கிடைக்குமென அறிவிக்கப்பட்டது. எனினும் பொதுப் பயன்பாட்டுக்கான சைகையில் வேண்டுமென்றே ஏறத்தாழ நூறு மீற்றர் வரை பிழை புகுத்தப்பட்டிருந்தது. 2000 மே மாதத்தில் அது நீக்கப்பட்ட பின்னரே வாகனக் கருவிகள் பெருகின. இவ்வரலாற்றில் ஊவாவுக்கும் ஓரிடமுண்டு. செய்மதி அளவீட்டின் துணைகொண்டு இலங்கைக்கு வகுக்கப்பட்ட 1999ஆம் ஆண்டின் புதிய ஆள்கூற்று அடிப்படைக்குத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்பட்டது தியத்தலாவை நில அளவை நிறுவகத்து நிலையமாகும். பதுளை மாவட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து நாட்டின் அளவுகள் கணிக்கப்பட்டன. அப்புள்ளிக்கு அண்மையிலுள்ள தோட்டங்களின் லயங்களுக்கோ வீட்டிலக்கம் இருக்கவில்லை.

கார்மின், டொம்டொம் போன்ற நிறுவனங்களின் தனிக்கருவி, படத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். தொலைபேசியோ பொதுவாகப் படத்தை வலையமைப்பிலிருந்து பெறும். கொஸ்லந்தை, மடுல்சீமை போன்ற பகுதிகளின் மடிப்புகளுள் கோபுரச் சைகை அற்றுப்போகுமிடத்து, ‘ஜீபீஎஸ் வேலை செய்யவில்லை’ என்பர். அது தவறான கூற்று. செய்மதியின் சைகைக்குத் தொலைபேசிக் கோபுரம் வேண்டியதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிகளுள் நான்கு தென்பட்டாற் போதும். அற்றுப்போனது படமே. படத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பாராயின் தொலைபேசியும் தனிக்கருவிக்கு இணையாகிவிடும். மலைச்சுவர் வானை மறைக்குமிடத்திலோ இரண்டுமே தடுமாறும். 2009இல் கூகிள் நிறுவனம் வழிகாட்டலைத் தொலைபேசியில் இலவசமாக்கியபோது தனிக்கருவி நிறுவனங்களின் பங்குவிலை சரிந்தமைக்கு, கருவியின் தரக்குறைவு காரணமன்று. படத்தின் விலை இல்லாதொழிந்ததே காரணம்.

இரு கருவிக்கும் பொதுவான குறையொன்றுண்டு. குறுகிய தூரத்தைத் தேடும் கணிப்பு, தோட்டப் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒரே கோடாகக் காணக்கூடும். கொழுந்து லொறிக்கென வெட்டப்பட்ட பாதையின் சரிவும், மழைக்குப் பின் அதன் நிலையும் கோட்டிற் புலப்படா. அவற்றை அறிந்தவர் அவ்வூர் முச்சக்கரவண்டிச் சாரதி. எனினும் ஒரு வகையில் தொலைபேசியே மேலானது என்பேன். தனிக்கருவியின் படம் நிறுவனத்தின் கையில் முடிந்துபோன பொருள். 2004இல் தோன்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் போன்ற படங்களிலோ, தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஒரு பாதையைச் சேர்க்கலாம், ஒரு பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கங்காணியிடமும், பின் தகட்டிலும், பின் திணைக்களத்துப் படத்திலும் இருந்த இட அறிவு, முதன்முறையாக அங்கு வாழ்வோரின் கைக்கு எட்டுகின்றது.

இது வெறும் பெயர் விவகாரமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்பதில் முதல் நாள்களில் வெளியான கணக்குகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன. லய வீடுகளுக்குரிய கடிதங்கள் நெடுங்காலம் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைசேர்ந்த கதையை மலையகத்து மாணவர் பலர் கூறுவர். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்வதற்கிருந்த சட்டத் தடையே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலந்தான் நீங்கிற்று. பதுளைப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தம் தோட்டத்தின் பிரிவுகளையும், லயங்களையும், கோயிலையும், மழைக்காலத்தில் வாகனம் ஏறாத பாதையையும் படத்தில் குறிப்பாராயின், அம்புலன்ஸ் வண்டியின் சாரதி எந்தக் கருவியை வைத்திருந்தாலும் அவ்விடத்தைக் கண்டுகொள்வார்.