முதல் கட்டளை யாருடையது? - அட்டைக் கட்டு முதல் ஐஎஸ்ஓ வரை

மேட்டூரில் உட்கார்ந்தபடி மும்பையில் இருக்கும் ஒரு கணினியில் வேண்டிய இயங்குதளத்தைப் போட முடியுமா? முடியும். மாத வாடகைக்கு ஒரு மெய்நிகர் தனி வழங்கி (விபிஎஸ்) எடுத்து, நிறுவல் குறுவட்டின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை அதில் இணைத்து, மறுபடி துவக்கினால் போதும். குறுவட்டும் கிடையாது, அதைச் செருக டிரைவும் கிடையாது. ஆனாலும் நிறுவல் திரை வந்துவிடும்.

இந்த வசதிக்குப் பின்னால் சுமார் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. மின்சாரம் வந்ததும் கணினி படிக்கும் முதல் கட்டளையை யார் தீர்மானிப்பது என்ற கேள்விதான் அந்த வரலாறு முழுக்க ஓடுகிறது.

இல்லாத அட்டை வாசிப்பான்

1960களில் கணினி என்றால் ஒரு அறை அளவு இயந்திரம். அதைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம் சிபி-40, சிபி-67 என்ற மென்பொருள்களை உருவாக்கியது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு இயந்திரமே தனக்கென இருப்பதுபோல் இவை காட்டின. 1972ல் ஐபிஎம் இதை விஎம்/370 என்ற பெயரில் அறிவித்தது.

அந்தப் பொய் இயந்திரத்துக்கு ஒரு பொய் அட்டை வாசிப்பானும் இருந்தது. துளையிட்ட அட்டைகளின் நகலை அதில் வைத்து, ஐபிஎல் என்று கட்டளை கொடுத்தால் இயங்குதளம் துவங்கும். இன்று விபிஎஸ்ஸில் ஐஎஸ்ஓவை இணைப்பதும் இதே வித்தைதான். அட்டைக் கட்டின் இடத்துக்குக் குறுவட்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

குறுவட்டின் முறை

தனிநபர் கணினிகள் வந்தபோது நெகிழ்வட்டில் இருந்துதான் துவக்கினார்கள். குறுவட்டில் கோப்புகளை அடுக்கும் முறை 1988ல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமானது. ஐஎஸ்ஓ கோப்பு என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் குறுவட்டில் இருந்து கணினி நேரடியாகத் துவங்குவதற்கு 1995 வரை பொதுவான வழி இல்லை. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 'எல் டொரிட்டோ' என்ற வரையறையை வெளியிட்டன. (ஒரு உணவகத்தின் பெயரை வைத்தார்கள் என்று சொல்வதுண்டு!)

இது வேலை செய்யும் விதம் எளிது. குறுவட்டு 2048 பைட் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் 17ஆம் எண் பகுதியில் ஒரு குறிப்பு இருக்கும். 'துவக்கப் பட்டியல் இன்ன இடத்தில்' என்று அது சொல்லும். கணினி அங்கே போய் முதல் நிரலை எடுத்து ஓட்டும். ஐஎஸ்ஓ கோப்பு என்பது குறுவட்டின் அச்சு அசல் நகல் என்பதால், இந்தக் குறிப்பும் அதில் அப்படியே இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

தமிழ்நாட்டுக்கு வட்டு வந்த வழி

700 எம்பி ஐஎஸ்ஓவை 56 கேபிபிஎஸ் டயல்-அப்பில் இறக்க, இணைப்பு முழு வேகத்தில் அறுபடாமல் ஓடினாலும் சுமார் 29 மணி நேரம் ஆகும். அதனால் இங்கே லினக்ஸ் தபாலிலும் பத்திரிகையோடும்தான் அதிகம் பயணித்தது. 2003ல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழ் வட்டு சேர்த்துத் தந்தது. உபுண்டு 2011 வரை கேட்டவர்களுக்கு இலவசமாகக் குறுவட்டு அனுப்பியது.

2007ல் சென்னை சிடாக் நிறுவனம், டெபியன் அடிப்படையிலான பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் போட்ட மடிக்கணினிகள் மாநிலமெங்கும் மாணவர்கள் கைக்குப் போயின. கணினி வேறு, இயங்குதளம் வேறு என்பதை அந்தத் துவக்கத் திரை கண்ணால் காட்டியது.

லைன் வீடும் தனி வீடும்

வாடகை வழங்கிகளில் இந்தத் தேர்வு உடனே கிடைக்கவில்லை. 2000களில் மலிவான விபிஎஸ் பல ஓபன்விஇசட் முறையில் இயங்கின. அது லைன் வீடு மாதிரி. அறை தனி, தண்ணீர்த் தொட்டி பொது. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே லினக்ஸ் கருவகம். அங்கே சொந்த ஐஎஸ்ஓவைத் துவக்கவே முடியாது. வழங்குபவர் வைத்திருக்கும் வார்ப்புருக்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2005, 2006ல் இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலேயே மெய்நிகராக்க வசதி வந்தது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 கருவகத்தோடு கேவிஎம் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கருவகம், தனி வன்தட்டு, தனி குறுவட்டு டிரைவ். வழங்குபவர் அனுமதித்தால் ஃப்ரீபிஎஸ்டி, பாஸ் லினக்ஸ் என எதையும் போடலாம். வட்டை எப்படிப் பிரிப்பது, மறையாக்கம் செய்வதா என்பதும் வாடகைக்கு எடுத்தவர் முடிவு.

கோப்பை நம்பலாமா?

சுதந்திரத்தோடு பொறுப்பும் வருகிறது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்கச் சுட்டியைக் கள்ளக் கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் கட்டளையே எதிரியுடையதானால், பிறகு போடும் கடவுச்சொல், தீச்சுவர் எதுவும் உதவாது. ஆகவே இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 கூட்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தளமே களவு போனால் அந்த எண்ணையும் மாற்றிவிடலாம் என்பதால், வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பது நல்லது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. சொந்த ஐஎஸ்ஓ போட்டாலும் அடியில் இருக்கும் இரும்பு வேறொருவருடையது. அவர் நினைத்தால் நினைவகத்தைப் படிக்கலாம், வழங்கியை நிறுத்தலாம். முதல் கட்டளையை மட்டும்தான் ஐஎஸ்ஓ நம் கையில் தருகிறது. வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொள்பவருக்கு அதுவும் கையில் இல்லை.