பூக்களைத் தீட்டிய கைகள்



கோலத்தில் பூ, சேலையில் பூ, சாமி படத்துக்குப் பூ, தலையில் பூ. பூ இல்லாத வாழ்வை நாம் அறியோம். ஆனால் பூவைத் தாளிலும் துணியிலும் வண்ணங்கொண்டு தீட்டியவர்களின் வரலாற்றை நம்மில் பலர் கேட்டதில்லை. அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. நாம் வாழும் பேராக் மண்ணுக்கும் பங்கு உண்டு. இன்று அதனைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

முதலில் ஒரு பூவை எடுத்துக்கொள்வோம். தேங்காயுடன் அம்மியில் வைத்து அரைக்கிறோமே கசகசா, அது ஒரு செடியின் விதை. அந்தச் செடியின் இனத்தைத்தான் ஆங்கிலத்தில் பாப்பி என்கிறார்கள். அதில் பல வகைகள் உண்டு. ஒரு வகையின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் உறைந்தால் அபினி. மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் நமக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. மற்றொரு வகை ஐரோப்பாவின் வயல்களில் தானாகவே முளைத்துச் சிவப்பாகப் பூக்கும். 1873-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஓவியர் குளோட் மோனே, அர்ஜாந்தேய் என்னும் ஊருக்கு அருகில் இந்தச் செம்பூக்கள் நிறைந்த மேட்டை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அருகில் சென்று பார்த்தால் அந்தப் பூக்கள் வெறும் சிவப்புப் புள்ளிகளே. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வயல் முழுதும் காற்றில் அசைவது போல இருக்கும். 1874-இல் பாரிசில் நடந்த கண்காட்சியில் அந்தப் படம் வைக்கப்பட்டது. இன்று உலகில் மிகவும் அறியப்பட்ட பூப் படங்களுள் அதுவும் ஒன்று.

வயலிலேயே நின்று எண்ணெய் வண்ணம் தீட்டுவது முற்காலத்தில் எளிதன்று. வண்ணத்தை அரைத்து, எண்ணெயில் குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கினால் வண்ணம் வெளிவரும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்று நாம் பற்பசை பிதுக்குகிறோமே, அதைப் போன்ற குழாய்தான். அதன் பிறகு ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போகத் தொடங்கினார்கள். ஒரு சிறிய குழாய் ஓவியக் கலையின் போக்கையே மாற்றிற்று எனலாம்.

நீர் வண்ணம், எண்ணெய் வண்ணம் என்று இரண்டு சொல்கிறோம். இரண்டிற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் நிறப்பொடி ஒன்றுதான். அதனைப் பிடித்து வைக்கும் பொருள்தான் வேறு. நீர் வண்ணத்தில் நிறப்பொடியை வேல மரத்துப் பிசினுடன் சேர்க்கிறார்கள். தண்ணீர் தொட்டுத் தாளில் தீட்டினால், தண்ணீர் ஆவியாகிப் போகும்; பிசின் நிறத்தைத் தாளோடு ஒட்டி வைக்கும். வண்ணம் மெல்லியதாக இருப்பதால் தாளின் வெண்மை அதன் ஊடே தெரியும். ஆகவே மல்லிகையின் வெள்ளையைத் தீட்ட வேண்டுமானால், பூவைச் சுற்றி நிழலையும் இலையையும் தீட்டிவிட்டுப் பூவின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடி ஆளி விதை எண்ணெயில் குழைக்கப்படுகிறது. அது தண்ணீரைப் போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள உயிர்வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும். கனமாகப் பூசினால் மாதங்களும் ஆகும். அதனால் தவறிய இடத்தைச் சுரண்டி எடுத்து மீண்டும் தீட்டலாம். கருமையின் மேலேயே வெள்ளையை வைக்கலாம். நீர் வண்ணக்காரருக்கு அந்த வசதி குறைவு. அவர் கை வைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1620-ஆம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீருக்குச் சென்றார். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களைத் தீட்டியதாக அரசர் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. கம்பெனியாருக்குப் பூவின் அழகு மட்டும் போதவில்லை. எந்தச் செடி மருந்தாகும், எந்த மரம் பலகையாகும், எதை விற்றால் பணமாகும் என்று அறிய விரும்பினார்கள். அதற்குச் செடிகளைப் பறித்துத் தாளில் அழுத்திக் காய வைத்தார்கள். புத்தகத்துக்குள் வைத்த ரோஜா என்ன ஆகும்? சில மாதங்களில் பழுப்பாகிவிடும். நிறம் போன செடிக்கு நிறத்தைத் திருப்பித் தர ஓவியர் தேவைப்பட்டார். இப்படித்தான் அரண்மனைகளிலும் கோயில் ஊர்களிலும் வளர்ந்த இந்திய ஓவியக் கலை, கம்பெனி மருத்துவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அத்தகைய மருத்துவர்களுள் ஒருவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்தவர். 1819-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் இருந்து பருத்திச் சாகுபடி ஆய்வையும் கவனித்தார். அவரிடம் அடுத்தடுத்து வேலை செய்த ஓவியர்கள் இருவர். ஒருவர் ரங்கையா; மற்றவர் கோவிந்து. 1820-களில் ரங்கையா தொடங்கிய பணியைப் பின்னர் கோவிந்து ஏற்று, வைட் 1853-இல் நாடு திரும்பும் வரை செய்தார்.

அவர்கள் வேலையை நினைத்துப் பாருங்கள். நீலகிரியிலிருந்தும் கோவையின் காடுகளிலிருந்தும் செடிகள் வரும். வாடுவதற்குள் தீட்டியாக வேண்டும். கிளை, இலை, மொட்டு, மலர் எல்லாம் அதன் அதன் இடத்தில் வர வேண்டும். பூவை அறுத்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தாளையும் சூலையும் பெரிதாக்கி, அடியில் தனித்தனியே வரைய வேண்டும். அழகாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கை தவறக்கூடாது. இதழ் ஐந்து என்றால் ஐந்துதான். அப்படங்களைக் கொண்டு வைட் வெளியிட்ட நூல்களுள் ஒன்று 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூல்களின் பல படங்களுக்கு அடியில், வரைந்தவர் ரங்கையா என்றும், வரைந்தவர் கோவிந்து என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. கம்பெனி காலத்தில் இது பெரிய காரியம். அதற்கும் மேலே, 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்தின் பெயரையே சூட்டி, 'கோவிந்தூயியா' என்று அழைத்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அந்தச் செடியை வேறோர் இனத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆயினும் பெயர் ஏட்டில் இருக்கிறது. அவர்கள் தீட்டிய மூலப் படங்களுள் பெரும்பகுதி எடின்பரோ தாவரவியல் பூங்காவில் காக்கப்படுகிறது. 2007-இல் ஹென்றி நோல்ட்டி என்னும் அறிஞர் அவ்விரு ஓவியர்களின் பெயரையும் தலைப்பில் வைத்தே நூல் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் பேசப்படுவதற்குக் காரணம், படத்தின் அடியில் இருந்த அந்தச் சிறிய எழுத்து.

பெயர் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1803 முதல் 1818 வரை மலாக்காவின் பொறுப்பாளராக இருந்தவர் வில்லியம் ஃபார்குவார். அவர் சீன ஓவியர்களை அமர்த்தி, மலாயாவின் செடிகொடிகளையும் விலங்குகளையும் நீர் வண்ணத்தில் தீட்டச் செய்தார். 477 படங்கள். பலவற்றில் செடியின் பெயர் மலாய் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று அவை சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. அந்தத் தொகுப்புக்கு ஃபார்குவார் தொகுப்பு என்று பெயர். செடிக்குப் பெயர் இருக்கிறது. கூலி கொடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது. தீட்டியவர் யார் என்று கேட்டால், சீன ஓவியர் என்பதோடு நின்றுவிடுகிறது.

பேராக்கிலும் இதே கதைதான். தைப்பிங் நகரில் 1883-இல் பேராக் அரும்பொருளகம் தொடங்கப்பட்டது. அதன் காப்பாளர் லியோனார்ட் ரே, இத்தாலியப் பாதிரியார் ஸ்கோர்ட்டெக்கினி, கல்கத்தா பூங்காவுக்காகச் செடி சேகரித்த கன்ஸ்லர் ஆகியோர் 1880-களில் நம் பேராக் காடுகளில் செடிகள் திரட்டினார்கள். அவை கல்கத்தாவுக்குச் சென்றன. இன்றும் பல செடிகளின் அறிவியல் பெயரில் ரே இருக்கிறார், கன்ஸ்லர் இருக்கிறார். பூலோ செமந்தான் என்று நாம் அறிந்த மூங்கிலின் பெயரில் ஸ்கோர்ட்டெக்கினி இருக்கிறார். பேராக் என்னும் ஊர்ப் பெயரும் பல செடிகளில் இருக்கிறது. ஆனால் காட்டில் வழி காட்டியவர், மூட்டை சுமந்தவர் ஆகியோரின் பெயரை அந்தச் செடிப் பெயர்களில் தேடினால் கிடைப்பது அரிது.

அதே காலத்தில்தான் நம் வாழ்வை மாற்றிய செடியும் பேராக்குக்கு வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சில ஆயிரமே. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கும், நாம் லயத்தில் பிறந்ததற்கும் பின்னால் அந்தச் செடியின் கதை இருக்கிறது.

அந்த ஆண்டுகளிலேயே ஓர் ஆங்கிலப் பெண்மணி தனியாகக் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தார். பெயர் மரியான் நார்த். 1876-இல் சிங்கப்பூர், சரவாக், ஜாவா ஆகிய இடங்களுக்கு வந்தார். பிறகு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சென்றார். செடிகளைத் தீட்டியவர் பலரும் நீர் வண்ணத்தையே கையாண்டபோது, அவர் எண்ணெய் வண்ணத்தைத் தேர்ந்தார். வெள்ளைத் தாளில் ஒற்றைக் கிளையை வைக்காமல், பூவை அது வளரும் இடத்தோடு சேர்த்துத் தீட்டினார். பின்னால் மலை, ஆறு, குடிசை, வானம் எல்லாம் இருக்கும். 1882-இல் கியூ பூங்காவில் அவர் தம் செலவிலேயே ஒரு கூடம் கட்டினார். எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சுவர் முழுதும் நிறைந்திருக்கின்றன. ரங்கையாவின் நீர் வண்ணப் படம் ஒரு செடி எப்படிப்பட்டது என்று சொல்கிறது. நார்த் அம்மையாரின் எண்ணெய் வண்ணப் படம் அது எங்கே வாழ்ந்தது என்று சொல்கிறது. இரண்டும் நமக்கு வேண்டியவையே.

பிற்காலத்தில் மலாயாக்காரர்களே தூரிகை பிடித்தார்கள். பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென்னும் அப்துல்லா அரிப்பும் நீர் வண்ணத்தில் புகழ் பெற்றவர்கள். தென்னை, கடற்கரை, கம்பம், மழைமேகம் எல்லாம் அவர்கள் கையில் ஓவியமாயின. 1960-இல் அப்துல்லா அரிப் ஈயச் சுரங்கத்தையும் தீட்டினார். இருவரும் 1962-இல் மறைந்தார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, தோட்டத்து மக்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் தோட்டத்தின் பூவை யார் தீட்டினார்கள்?

ரப்பர் மரம் பூக்கும் என்பதே இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிர்ந்து, தளிர் செம்பழுப்பாகத் துளிர்க்கும். தளிரோடு சிறு சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாக வரும். அவற்றுக்கு இதழே கிடையாது. ஆனால் மணம் உண்டு. அதிகாலையில் காண்டா வாளியோடு நிரைக்குள் போனவர்களுக்கு அந்த மணம் தெரியும். மண் அரிக்காமல் இருக்கப் போட்ட கொடியின் ஊதாப் பூ, பாதை ஓரத்துத் தொட்டாற்சிணுங்கி, லயத்து வாசலில் நட்ட செம்பருத்தி, முனியாண்டி கோயில் அரளி: இவையெல்லாம் சேர்ந்ததுதான் நாம் அறிந்த பூந்தோட்டம். செம்பருத்தியோ 1960-இல் நாட்டின் தேசிய மலராகவே ஆயிற்று. பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, பெயர்ப்பலகைகளும் போயின. கணக்குப் புத்தகத்தில் எத்தனை ராத்தல் பால் என்று இருக்கும். வாசலில் என்ன பூ பூத்தது என்று அதில் இருக்காது.

கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் இடிந்துபோன லயத்தைக் கைப்பேசி எப்படி எடுக்கும்? அது பாட்டியின் நினைவில்தான் இருக்கிறது. பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை தீட்டினால் தாளுக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் கிணறு, எந்த வேலியில் என்ன கொடி, பூ என்ன நிறம் என்று பிள்ளை கேட்பான். பாட்டி நினைத்து நினைத்துச் சொல்வார். அதுவே வரலாற்றுப் பாடம்.

இதற்கு எண்ணெய் வண்ணம் தேவையில்லை. பள்ளிக்கூடத்து நீர் வண்ணப் பெட்டியும் தடித்த தாளும் போதும். முதலில் பென்சிலால் மெல்லக் கோடிடுங்கள். இதழை எண்ணுங்கள். வெளிர் நிறத்தை முதலில் தீட்டி, காய்ந்த பிறகு அடர் நிறத்தை வையுங்கள். வெள்ளைப் பூவுக்குத் தாளையே விட்டுவிடுங்கள். அழகாக வரவில்லையே என்று கிழித்துப் போட வேண்டாம். சரியாக இருந்தால் அது ஆவணம்.

கடைசியாக ஒன்று. படம் முடிந்ததும் அதன் அடியில் பூவின் பெயரை எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். சொன்னவர் பெயர், தீட்டியவர் பெயர் இரண்டையும் மறவாமல் எழுதுங்கள். ரங்கையாவும் கோவிந்தும் நமக்குக் கிடைத்தார்கள். மலாக்காவின் ஓவியர்கள் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.