பரணில் கிடந்த கேசட்

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் ஒன்று. 1995இல் நான் ஒளித்து வைத்தது.

திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமான வருடம் அது. ஆபீசில் தலைக்கு மேல் வேலை. களைத்து வீடு வந்தால் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் டிவி முன்னால் உட்கார்ந்து யாரையோ சுட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் கேசட்டைப் பிடுங்கி, மறுநாள் "வித்துட்டேன்" என்று பொய் சொன்னேன். அவன் அழவில்லை. அதன்பிறகு என்னிடம் அளந்து பேச ஆரம்பித்தான். அந்த அளவு வருடக்கணக்கில் மாறவில்லை.

பணி ஓய்வுக்குப் பின், 2008இல் அமெரிக்காவில் அவன் வீட்டுக்குப் போனோம். ஒரு சனிக்கிழமை இரவு டிவியில் ஒரு கிராமம். மண் பாதை, ஓட்டு வீடுகள், கோழிகள். கோடாரியும் கவைக்கம்புமாக ஊரே திரண்டு ஒருவனைத் துரத்துகிறது. திடீரென்று சர்ச் மணி அடிக்கிறது. அத்தனை பேரும் ஆயுதத்தைத் தாழ்த்திவிட்டு மணி அடித்த பக்கம் நடந்து போய்விடுகிறார்கள். அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ரெசிடென்ட் ஈவில் 4 ப்பா" என்றான். ஜப்பானின் ஒசாகா நகரத்துக் காப்காம் நிறுவனத்தின் ஆட்டம். அங்கே இதற்கு 'பயோஹசார்ட்' என்று பெயர். முதல் பாகம் 1996இல் வந்தது. அதில் சுவர் மூலையில் மாட்டிய கேமரா மாதிரி ஒரே கோணத்தில் காட்சி நிற்கும். அடுத்த திருப்பத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. பயத்துக்கு அதுதான் மூலதனம். நான்காம் பாகத்துக்குப் பலமுறை எழுதி எழுதிக் கிழித்தார்களாம். ஒதுக்கிய வடிவம் ஒன்று 'டெவில் மே க்ரை' என்று தனி ஆட்டமாகவே 2001இல் வந்துவிட்டது. கடைசியில் இயக்குநர் ஷின்ஜி மிகாமி கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். 2005 ஜனவரியில் நிண்டெண்டோவின் கேம்க்யூபில் வெளியானது. பின்னால் வந்த எத்தனையோ துப்பாக்கி ஆட்டங்கள் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டன.

கதை நமக்குப் புதிதில்லை. ஒரு தீய மதத்தலைவன் ஒட்டுண்ணியைச் செலுத்தி ஊரையே தன் பிடியில் வைத்திருக்கிறான். வெளியூர்க்காரன் வந்து அவனை ஒழிக்கிறான். சிறுவாச்சூரில் செல்லியம்மனையே மந்திரத்தால் கட்டி ஆட்டிவைத்த மந்திரவாதியை, ஓர் இரவு தங்க இடம் கேட்டு வந்த மதுரகாளி வதம் செய்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

2007இல் இதே ஆட்டத்தை 'வீ' என்ற கருவிக்காக மறுபடி வெளியிட்டார்கள். (நம் அரியலூரும் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது நினைவுக்கு வருகிறது.) கதை அதேதான், கைதான் மாறியது. பட்டன்களைத் தடவி அலைய வேண்டாம். டிவி ரிமோட் போன்ற ஒன்றைத் திரையை நோக்கி நீட்டினால் துப்பாக்கி குறிபார்க்கும். உதறினால் குண்டு நிரம்பும். வீசினால் கத்தி வீசும். டிவி மேல் வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர், ஆனால் அதில் சென்சாரே கிடையாது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் காட்டும். அதைப் பார்த்து இடம் கணக்கிடும் கேமரா நம் கையிலுள்ள ரிமோட்டில் இருக்கிறது. கை அசைவை அளக்கும் முடுக்கமானியும் அதற்குள்ளேயே. குறி சுலபமாகிவிட்டதால் பயம் குறைந்துவிட்டது என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

"ஒரு தடவை பிடிச்சுப் பாருங்கப்பா" என்று என் கையில் கொடுத்தான். பட்டன் என்றால் மாட்டேன் என்றிருப்பேன். இது சோளத்தட்டை அறுத்துப் பழகிய கை. ஒரு மரப்பெட்டி முன்னால் வந்தது. வீசினேன், உடைந்தது. அடுத்து ஒரு ஆள் வந்தான். பதறிப்போய் ரிமோட்டையே தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் என் முன்னால் அப்படிச் சிரித்தது அன்றுதான். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை ஆடினோம். கேசட் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டேன்.

அந்த ஆட்டம் 2021இல் கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவிக்கும் வந்தது. 2023இல் முழுதாகப் புதிதாகவே செய்து வெளியிட்டார்கள். நல்ல கதைக்கு மறுபடி மறுபடி வாய்ப்புக் கிடைக்கிறது.

டப்பா கிடைத்த அன்று இரவே போன் செய்தேன். "அந்தக் கேசட்டை விக்கலைடா. பரண்லதான் இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தெரியும்ப்பா. பத்தாவது படிக்கறப்பவே பாத்துட்டேன். நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு வச்சிட்டேன்" என்றான்.

மே மாதம் பேரனோடு வருகிறான். கேசட்டைத் துடைத்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். போட்டு ஆடப் பழைய பெட்டி ஒன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.